ஐந்து நாள் மாத்திரையும் அதன் பிறகு வரும் பத்து நாளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் ஒரு வாசகி கேட்டிருந்த கேள்வியையும் அதற்கு வந்திருந்த இரண்டு வரிப் பதிலையும் பார்த்துவிட்டு இதை எழுதுகிறோம். குழந்தைப்பேற்றுக்காக முட்டை வளர மருத்துவர் எழுதிக் கொடுத்த லெட்ரோசோல் மாத்திரையின் பெட்டிக்குள் இருந்த தாளில் மார்பகப் புற்றுநோய் மருந்து என்று போட்டிருந்ததாம். பயந்துபோய் இரண்டாம் நாளே நிறுத்திவிட்டாராம். 'மருத்துவரைக் கலந்து ஆலோசிக்கவும்' என்று பதில் வந்திருந்தது. தவறான பதில் இல்லை, ஆனால் அது போதாது. பயந்து நிறுத்துகிறவர்கள் ஒரு பக்கம் என்றால், போன வருடச் சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் தானே வாங்கி மாதாமாதம் விழுங்குகிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு சாராருக்கும் இந்த மாத்திரை உடம்பில் என்ன செய்கிறது என்று யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

முட்டை வளர்வது சினைப்பையில்தான். ஆனால் வளரச் சொல்லும் உத்தரவு மூளையிலிருந்து வருகிறது. மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி எஃப்எஸ்ஹெச் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடும். அதை வாங்கிக்கொண்டு சினைப்பையில் உள்ள ஃபாலிக்கிள் என்னும் முட்டைப்பைகள் வளரும். வளர வளர அவை ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைச் சுரக்கும். ஈஸ்ட்ரோஜன் ஏறியதும் மூளை எஃப்எஸ்ஹெச்சைக் குறைத்துக்கொள்ளும். மாடித் தொட்டியில் தண்ணீர் ஏறியதும் சென்சார் மோட்டாரை நிறுத்துகிற ஏற்பாடுதான் இது. எஃப்எஸ்ஹெச் குறைந்ததும் சிறிய ஃபாலிக்கிள்கள் வாடிவிடும். முந்திக்கொண்ட ஒன்று மட்டும் குறைந்த எஃப்எஸ்ஹெச்சிலும் தாக்குப்பிடித்து முதிரும். அது சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் இரண்டு நாள் உச்சத்தில் நின்றால், பிட்யூட்டரி எல்ஹெச் என்ற இன்னொரு ஹார்மோனைக் குபீரென்று கொட்டும். அது ஏறத் தொடங்கி ஏறக்குறைய 36 மணி நேரத்தில் முட்டை வெளியே வரும்.

நீர்க்கட்டி என்று எல்லோரும் சொல்லும் பிசிஓடியில் இந்த ஏற்பாடு பாதி வழியில் மாட்டிக்கொள்கிறது. சினைப்பையில் 6, 8 மில்லிமீட்டர் அளவில் நிறைய ஃபாலிக்கிள்கள் இருக்கும். ஆண்தன்மை ஹார்மோன்கள் கூடுதலாகச் சுரந்து, அதில் ஒரு பங்கு கொழுப்புத் திசுவில் ஈஸ்ட்ரோஜனாக மாறிக்கொண்டே இருக்கும். தொட்டி எப்போதும் முக்கால் நிறைந்திருப்பதாகவே சென்சார் காட்டும். மோட்டார் முழு வேகத்தில் ஓடவே ஓடாது. எந்த ஃபாலிக்கிளும் 10 மில்லிமீட்டரைத் தாண்டாது. முட்டை வராது, மாதவிலக்கும் 45 நாள், 60 நாள் என்று தள்ளிப்போகும்.

முட்டை வளரக் கொடுக்கும் மாத்திரைகள் இரண்டு: குளோமிஃபீன், லெட்ரோசோல். குளோமிஃபீன் சென்சாரை மூடிவிடுகிற மருந்து. மூளையில் ஈஸ்ட்ரோஜன் ஒட்ட வேண்டிய இடங்களில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் இருந்தும் மூளைக்குத் தெரியாது. எஃப்எஸ்ஹெச்சைக் கூட்டி அனுப்பும். லெட்ரோசோல் வேறு வழியில் போகிறது. ஆண்தன்மை ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும் அரோமட்டேஸ் என்ற நொதியை அது தடுக்கிறது. தொட்டியில் தண்ணீர் மட்டமே நிஜமாக இறங்குகிறது; மோட்டார் தானே ஓடத் தொடங்குகிறது. வித்தியாசம் இதற்குப் பிறகுதான் தெரியும். லெட்ரோசோல் இரண்டு நாளைக்கு ஒருமுறை ரத்தத்தில் பாதியாகக் குறைந்து சீக்கிரம் வெளியேறிவிடும். அதற்குள் முந்திய ஃபாலிக்கிள் ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கத் தொடங்க, சென்சார் வழக்கம்போல வேலை செய்து எஃப்எஸ்ஹெச்சைக் குறைத்துவிடும். அதனால் பெரும்பாலும் ஒரே முட்டை. குளோமிஃபீனின் ஒரு பகுதி வாரக்கணக்கில் உடம்பில் தங்கும். சென்சார் மூடியே கிடப்பதால் இரண்டாவது, மூன்றாவது ஃபாலிக்கிளும் பிழைத்துக்கொள்ள இடமுண்டு. அதோடு கர்ப்பப்பையின் உள்சவ்விலும் கர்ப்பப்பை வாய்ச் சளியிலும் ஈஸ்ட்ரோஜனை அது தடுப்பதால், சிலருக்கு முட்டை நன்றாக வந்தும் சவ்வு மெலிந்துபோகும்.

இப்போது புற்றுநோய் விஷயம். மாதவிலக்கு நின்ற பெண்களின் மார்பகப் புற்றுநோய்க்காகத்தான் லெட்ரோசோல் முதலில் வந்தது. ஈஸ்ட்ரோஜனைத் தின்று வளரும் கட்டிக்கு அதைக் கிடைக்காமல் செய்வது அங்கே நோக்கம். வருடக்கணக்கில் தினமும் சாப்பிட வேண்டியிருக்கும். இங்கே அதே குணம் ஐந்தே நாளுக்குப் பயன்படுகிறது. 2001-இல் கனடாவின் டொரண்டோவைச் சேர்ந்த மிட்வாலியும் காஸ்பரும் முட்டை வளர்ச்சிக்கு இதைக் கொடுத்துப் பார்த்த முடிவை வெளியிட்டார்கள். 2005-இல் ஒரு மாநாட்டுச் சுருக்கம் இந்த மருந்தால் குழந்தைகளுக்குப் பிறவிக் குறைபாடு கூடுகிறது என்று சொன்னது. அது ஒப்பிட்ட விதத்தில் கோளாறு இருந்தது: சிகிச்சை எடுத்த, வயது கூடிய தாய்மார்களின் 150 குழந்தைகளை, சிக்கலில்லாத பிரசவங்கள் நடக்கும் மருத்துவமனைக் குழந்தைகளோடு ஒப்பிட்டிருந்தார்கள். அடுத்த ஆண்டே 911 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வில், குளோமிஃபீன் எடுத்தவர்களைவிட லெட்ரோசோல் எடுத்தவர்களின் குழந்தைகளுக்குக் குறைபாடு அதிகமாக இல்லை என்று தெரிந்தது. இருந்தும் 2011 அக்டோபரில் மத்திய அரசு முட்டை வளர்ச்சிக்காக லெட்ரோசோலை விற்பதைத் தடை செய்தது. 2014-இல் அமெரிக்காவில் 750 பிசிஓடி பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வு வந்தது. ஐந்து சுற்று வரை கொடுத்ததில் லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதத்தினரும் குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 சதவீதத்தினரும் குழந்தை பெற்றார்கள். 2017-இல் இங்கே தடை நீங்கியது. பிசிஓடிக்கான பன்னாட்டு வழிகாட்டுதல்கள் இன்று முதலில் கொடுக்கச் சொல்வது லெட்ரோசோலைத்தான். பெட்டிக்குள் இருக்கும் தாள் மட்டும் பழைய கதையையே சொல்லிக்கொண்டிருக்கிறது. மாத்திரையை எழுதிக் கொடுக்கும் மருத்துவர் இதை ஒரு நிமிடம் எடுத்துச் சொல்லிவிட்டால் பாதிப் பேர் நடுவில் நிறுத்த மாட்டார்கள். அந்த ஒரு நிமிடம் நெரிசலான புறநோயாளிப் பிரிவில் கிடைப்பதில்லை என்பதும் உண்மைதான்.

ஆனால் அந்தத் தாளில் ஒரு வரியை மட்டும் கட்டாயம் மதிக்க வேண்டும்: கர்ப்பிணிகள் சாப்பிடக் கூடாது. மாதவிலக்கு முறையாக வராதவர்களுக்கு, தள்ளிப்போனது பிசிஓடியாலா கர்ப்பத்தாலா என்று பார்த்தவுடன் தெரியாது. ஆகவே முதல் மாத்திரைக்கு முன்னால் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை வேண்டும். லேசாகத் துளித்துளியாகப் பட்டதை மாதவிலக்கு என்று எண்ணி மாத்திரையைத் தொடங்குவது நடக்கிறது. கரு பதியும் சமயத்திலும் அப்படிப் படலாம். மாதவிலக்கை வரவழைக்கும் மாத்திரையை (வழக்கமாக மெட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன் 10 மில்லிகிராம், 5 முதல் 10 நாள்) சாப்பிட்டு முடித்து ஒரு வாரம், பத்து நாளுக்குள் ரத்தம் படவில்லை என்றாலும் முதலில் கர்ப்பப் பரிசோதனைதான். அடுத்த அட்டையைப் பிரிக்கக் கூடாது.

மாத்திரையை எழுதுவதற்கு முன்பு முடிக்க வேண்டிய பரிசோதனைகளில் முதலாவது கணவருடையது. குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஆணின் பங்கும் இருக்கிறது. விந்தணு எண்ணிக்கை மில்லிக்கு 2 மில்லியன் இருக்கும் ஒருவரின் மனைவிக்கு ஆறு மாதம் முட்டை மாத்திரை கொடுப்பது வீண்வேலை; அது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநியாயமும் கூட. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின்படி மில்லிக்கு 16 மில்லியன், அசையும் அணுக்கள் 42 சதவீதம் என்பது கீழ் எல்லை. இரண்டு முதல் ஏழு நாள் உறவில்லாமல் இருந்துவிட்டு மாதிரி கொடுக்க வேண்டும். வீட்டில் எடுத்தால் உடம்புச் சூட்டிலேயே வைத்து ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். மாமியார் வீட்டில் கௌரவப் பிரச்சினையாகி இந்தப் பரிசோதனை கடைசிக்குத் தள்ளப்படுகிறது. மலிவானதும் வலியில்லாததும் இதுதான் என்பதால் முதலில் வர வேண்டியது.

அடுத்து ரத்தத்தில் டிஎஸ்ஹெச் (தைராய்டின் நிலையைக் காட்டுவது), ப்ரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்). தைராய்டு குறைந்தோ ப்ரோலாக்டின் கூடியோ முட்டை நின்றிருந்தால் அதைச் சரிசெய்தாலே பலருக்கு முட்டை தானாக வந்துவிடும். கருக்குழாய் எக்ஸ்ரேயை எல்லோருக்கும் முதல் மாதமே எடுக்க வேண்டும் என்றில்லை. ஆனால் அடிவயிற்றுத் தொற்று, குடல்வால் அறுவை, குழாயில் தங்கிய கர்ப்பம், காசநோய் இவற்றில் ஏதாவது இருந்திருந்தால் மாத்திரைக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். நம் நாட்டில் கருக்குழாயை அடைக்கும் காசநோய் இருமல், காய்ச்சல் எதுவும் காட்டாமல் இருக்கும். ரத்தப்போக்கு நின்ற பின், பத்தாம் நாளுக்குள் இந்த எக்ஸ்ரே எடுப்பது வழக்கம்.

இந்த மாத்திரை பலிக்காதவர்கள் இரண்டு வகை. எடை மிகக் குறைந்தோ, பட்டினி கிடந்தோ, பிட்யூட்டரியில் கோளாறாகியோ உத்தரவே புறப்படாதவர்கள் ஒரு வகை. அவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் ஏற்கெனவே தரையில் இருக்கிறது. இன்னும் மறைக்கவோ குறைக்கவோ ஒன்றும் இல்லை. முட்டை இருப்பு தீர்ந்து எஃப்எஸ்ஹெச் ஏற்கெனவே உச்சத்தில் இருப்பவர்கள் மற்றொரு வகை. 28 நாளைக்கு ஒருமுறை ஒழுங்காக மாதவிலக்கு வந்து, முட்டையும் தவறாமல் வெளியாகி, காரணம் தெரியாமல் தாமதமாகிறவர்களுக்கும் வெறும் மாத்திரையால் பெரிதாக ஆதாயமில்லை. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் அமைப்பான நைஸ் அவர்களுக்குக் கொடுக்கவே வேண்டாம் என்கிறது. நம் ஊரில் கல்யாணமாகி ஆறு மாதம் ஆனதுமே 'முட்டை வளர மாத்திரை' கேட்டு வருகிறவர்களில் பலர் இந்தக் கூட்டம்தான்.

நாள் எண்ணுவதில் நடக்கும் குழப்பம் சின்னதாகத் தெரியும், ஆனால் சுற்றையே கெடுத்துவிடும். நன்றாக ரத்தம் படத் தொடங்கிய நாள்தான் முதல் நாள். முந்தின நாள் பழுப்பாகப் பட்டது கணக்கில்லை. தலைக்குக் குளித்த நாளிலிருந்து எண்ணுகிறவர்களும், ரத்தம் நின்ற மறுநாளை முதல் நாள் என்று வைத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். மூன்றாம் நாள் தொடங்க வேண்டிய மாத்திரை அவர்களுக்கு ஏழாம் நாளோ எட்டாம் நாளோ ஆகிவிடும். அதற்குள் எந்த ஃபாலிக்கிள் முந்துவது என்பது முடிவாகியிருக்கலாம்.

இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் ஒரு ஸ்கேன் எடுத்து, போன மாதத்துக் கட்டி எதுவும் சினைப்பையில் மீதமில்லை என்று பார்த்துக்கொண்டு தொடங்குவது நல்லது. குளோமிஃபீன் தினம் 50 மில்லிகிராம், லெட்ரோசோல் 2.5 மில்லிகிராம், ஐந்து நாள், அநேகமாக மூன்றிலிருந்து ஏழாம் நாள் வரை. சாப்பாட்டுக்கு முன்னும் சாப்பிடலாம், பின்னும் சாப்பிடலாம். தினமும் ஒரே நேரம் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. மறந்தால் அன்றைக்கே நினைவு வந்தவுடன் போட்டுக்கொள்ளலாம். மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. முட்டை வரவில்லை என்றால்தான் அடுத்த சுற்றில் அளவைக் கூட்ட வேண்டும்: குளோமிஃபீன் 100, பிறகு 150, லெட்ரோசோல் 5, பிறகு 7.5. முட்டை நன்றாக வந்து கர்ப்பம் மட்டும் நிற்கவில்லை என்றால் அளவைக் கூட்டுவதில் பொருளில்லை. 50-இல் வேலை நடந்த உடம்புக்கு 100 கொடுத்தால் கூடுவது இரட்டைக் குழந்தைக்கான வாய்ப்பும் சவ்வின் மெலிவும்தான்.

மாத்திரை முடிந்ததும் சிகிச்சை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் அப்போதுதான் ஃபாலிக்கிள் ஓடத் தொடங்குகிறது; கடைசி மாத்திரையிலிருந்து ஐந்து முதல் பன்னிரண்டு நாளுக்குள் முட்டை வெளியாகும். இந்த இடைவெளியைக் கண்காணிக்கத்தான் 'ஃபாலிக்குலர் ஸ்டடி' ஸ்கேன். ஒன்பது அல்லது பத்தாம் நாள் தொடங்கி ஒருநாள் விட்டு ஒருநாள் எடுப்பார்கள். கீழ்வழியாக எடுக்கும் ஸ்கேன் என்பதால் சிறுநீர் கழித்துவிட்டுப் போக வேண்டும். தண்ணீர் குடித்து அடக்கிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. கையில் கொடுக்கும் தாளில் இப்படி இருக்கும்: நாள் 11, ஆர்ஓ 15×14, எல்ஓ எம்எஸ்எஃப், ஈடி 7.2, பிஓடி நில். வலது சினைப்பையில் ஒரு ஃபாலிக்கிள் 15 மில்லிமீட்டர். இடதில் சின்னச் சின்னதாகப் பல, எதுவும் வளரவில்லை. கர்ப்பப்பைச் சவ்வு 7.2 மில்லிமீட்டர், கர்ப்பப்பைக்குப் பின்னால் நீர் இல்லை. இதைப் படிக்கத் தெரிந்த பெண் அடுத்த இரண்டு நாளைத் தானே கணிக்க முடியும்: ஃபாலிக்கிள் ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் வளரும், ஆக பதின்மூன்றாம் நாள் 18 அல்லது 19. அந்த அளவில் சவ்வு 7-க்கு மேல், மூன்று கோடாகத் தெரிந்தால் நல்ல நிலைமை. அடுத்த ஸ்கேனில் அந்த ஃபாலிக்கிள் சுருங்கி, பிஓடியில் கொஞ்சம் நீர் தெரிந்தால் முட்டை வெடித்து வெளியாகியிருக்கிறது. 25-ஐத் தாண்டியும் வெடிக்காமல் உருண்டையாகவே நின்றால் அது வெடிக்காமலே தங்கிவிட்ட ஃபாலிக்கிள். அந்த மாதம் பலனில்லை, அடுத்த மாதம் கட்டியாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பதினான்காம் நாளும் எல்லாம் 10 மில்லிமீட்டருக்குக் கீழேயே இருந்தால் அடுத்த மாதவிலக்குக்குக் காத்திருக்காமல் உடனே அளவைக் கூட்டிக் கொடுக்கும் முறையும் உண்டு. மாதக்கணக்கில் மாதவிலக்கு வராதவர்களுக்கு அது நேரத்தை மிச்சப்படுத்தும். மூன்று, நான்கு ஃபாலிக்கிள்கள் 15-ஐத் தாண்டி ஒன்றாக வந்துவிட்டால் அந்த மாதம் உறவைத் தவிர்க்கச் சொல்வார்கள். அந்தப் பேச்சைக் கேட்க வேண்டும். குளோமிஃபீனில் நூறு கர்ப்பத்துக்கு ஏழெட்டு இரட்டை. லெட்ரோசோலில் அதைவிடக் குறைவு. இரட்டைக்காகவே மாத்திரை கேட்கிறவர்களிடம் குறைப்பிரசவம், ரத்த அழுத்தம் பற்றி யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

வெடிக்க வைக்கும் ஊசி எல்லோருக்கும் தேவையில்லை. ஹெச்சிஜி என்ற ஹார்மோன் ஊசி 5,000 அல்லது 10,000 யூனிட், ஃபாலிக்கிள் 18, 20 மில்லிமீட்டருக்கு வந்த பிறகு போட்டால் ஏறக்குறைய 36 மணி நேரத்தில் முட்டை வெளியாகும். ஊர்ப் பயணம், ஞாயிற்றுக்கிழமை, மருத்துவர் விடுப்பு என்று 15-இலேயே அவசரப்பட்டுப் போட்டால் பிஞ்சு முட்டைதான் வரும். இன்னொரு வில்லங்கம்: வீட்டுக் கர்ப்பப் பரிசோதனை அட்டை தேடுவதும் இதே ஹெச்சிஜியைத்தான். ஊசி போட்ட பத்து நாளுக்குள் சோதித்துப் பார்த்தால் கர்ப்பமில்லாமலே இரண்டு கோடு விழலாம். வீடெல்லாம் சொல்லிவிட்டு, ஒரு வாரத்தில் மாதவிலக்கு வந்து அழுவதைத் தவிர்க்க, ஊசிக்குப் பிறகு குறைந்தது பதினைந்து நாள் பொறுக்க வேண்டும். எல்ஹெச் பார்க்கும் அட்டையும் பிசிஓடியில் ஏமாற்றும். அவர்களில் பலருக்கு எல்ஹெச் எப்போதும் உயர்ந்தே இருப்பதால் தினமும் 'இன்றைக்கு' என்று காட்டும்.

உறவு பற்றி ஸ்கேன் அறையில் யாரும் கேட்பதுமில்லை, சொல்வதுமில்லை. 'முட்டை வெடித்த பிறகுதான்' என்று பலர் காத்திருக்கிறார்கள். வெளியான முட்டை 12 முதல் 24 மணி நேரம்தான் தாங்கும். விந்தணுவோ ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். முட்டை வருவதற்கு முன்பே விந்தணு குழாயில் போய்க் காத்திருப்பதுதான் முறை. ஃபாலிக்கிள் 15, 16 ஆகத் தெரிந்த நாளிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் என்றால் போதும். பத்து நாள் 'சேர்த்து வைத்து' ஒரே நாளில் என்பது பழைய நம்பிக்கை. அவ்வளவு நாள் தங்கிய அணுக்களின் ஓட்டம் குறைகிறது. வளைகுடாவிலிருந்து ஒரு மாத விடுப்பில் வரும் கணவர்கள் விஷயத்தில் பரிசோதனைகள் அனைத்தையும், வெளிநாட்டில் எடுத்த விந்தணுப் பரிசோதனை உட்பட, வருவதற்கு முன்பே முடித்து, மாதவிலக்கு நாளைக் கணக்கிட்டு விமான டிக்கெட் போடச் சொல்ல வேண்டும். அவர் வந்து இறங்கிய வாரம் மாத்திரையைத் தேடிப் போனால் விடுப்பு முடியும்போதுதான் ஃபாலிக்கிள் வளரத் தொடங்கும்.

ஸ்கேனுக்கு வழியில்லாதவர்களுக்கு முட்டை வெளியான பிறகு கூடும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனை ரத்தத்தில் பார்த்தால் முட்டை வந்ததா என்று தெரியும். மில்லிக்கு 3 நானோகிராமுக்கு மேல் இருந்தால் வந்திருக்கிறது. இதை '21-ஆம் நாள் பரிசோதனை' என்று பெயர் வைத்துவிட்டதால் எல்லோரும் 21-ஆம் நாளே கொடுக்கிறார்கள். அடுத்த மாதவிலக்குக்கு ஏழு நாள் முன்பு என்பதுதான் சரி. 35 நாள் சுழற்சி உள்ளவர் 28-ஆம் நாள் கொடுக்க வேண்டும். 21-இல் கொடுத்துவிட்டு 'முட்டை வரவில்லை' என்று தவறாக அளவைக் கூட்டிக்கொண்ட கேஸ்கள் ஏராளம்.

தொந்தரவுகளில் தலைவலி, சோர்வு, உடம்பில் திடீர்ச் சூடு ஆகியவை தானே போய்விடும். குளோமிஃபீன் எடுக்கும்போது கண் மங்கினால், வெளிச்சப் புள்ளிகள் மின்னினால், பார்த்தது கண்ணில் நிழலாகத் தங்கினால் மாத்திரையை அன்றே நிறுத்த வேண்டும். பிறகு அந்த மருந்தைத் திரும்பத் தொடவே கூடாது. வயிறு உப்பி, வாந்தியோடு வலி வந்தால் சினைப்பை வீங்கியிருக்கலாம், முறுக்கிக்கொண்டும் இருக்கலாம். இரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாதவிலக்கு நாட்களில் மலைவேம்புச் சாறு குடிக்கும் வழக்கம் இருப்பவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். எதனால் என்ன நடந்தது என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போகிறது என்பதுதான் எங்கள் கவலை.

பிசிஓடிக்கும் கொடுக்கப்படும் சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மினை மட்டும் நம்பி மாதங்களைக் கழிப்பதும் சரியில்லை. 2007-இல் 626 பிசிஓடி பெண்களிடம் நடந்த ஆய்வில் குளோமிஃபீன் மட்டும் எடுத்தவர்களில் 22.5 சதவீதத்தினர் குழந்தை பெற்றார்கள். மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தவர்களில் 7.2. எடை கூடியவர்களுக்கு மொத்த எடையில் 5 சதவீதம் குறைந்தாலே, அதாவது 80 கிலோவில் 4 கிலோ, மாத்திரை இன்னும் குறைந்த அளவில் பலிக்க வாய்ப்பு கூடுகிறது. சிலருக்கு மாத்திரையே தேவைப்படாமல் போகிறது. ஃபோலிக் அமிலத்தைக் கர்ப்பம் தெரிந்த பிறகு அல்ல, முதல் சுற்றுக்கு முன்பே தொடங்க வேண்டும்.

எத்தனை மாதம் என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி. மாத்திரையால் நிற்கும் கர்ப்பங்களில் பெரும்பகுதி முட்டை வந்த முதல் மூன்று, நான்கு சுற்றுகளிலேயே நின்றுவிடும். ஆறு சுற்று முட்டை வந்தும் நிற்கவில்லை என்றால் ஏழாவது அட்டை வாங்குவதில் பயனில்லை. குழாய், எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பைச் சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது), விந்தணு என்று திரும்பப் பார்த்து, ஊசி மருந்து, ஐயூஐ (விந்தணுவைக் கர்ப்பப்பைக்குள் செலுத்துவது), ஐவிஎஃப் (சோதனைக்குழாய் முறை) என அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். 150 மில்லிகிராம் குளோமிஃபீனிலும் முட்டையே வராதவருக்கு ஆறு சுற்று கூடக் காத்திருக்கத் தேவையில்லை. லெட்ரோசோலுக்கு மாற்றலாம், அதுவும் பலிக்காவிட்டால் ஊசிக்கோ லேப்ராஸ்கோப்பி என்னும் சிறுதுளை அறுவைக்கோ போகலாம். 35 வயதைத் தாண்டியவர்கள் இந்தக் கணக்கை இன்னும் சுருக்கிக்கொள்ள வேண்டும்.

இரண்டு மாத்திரைகளும் மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாதவை. ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தச் சுற்றுக்கான சீட்டு வேண்டும் என்பதை மருந்துக்கடைக்காரர்கள் பிடிவாதமாகக் கேட்க வேண்டும். கையில் பழைய சீட்டோடு நிற்கும் பெண்ணிடம் அவர்கள் கேட்கக்கூடிய இன்னொரு கேள்வியும் உண்டு: உங்கள் வீட்டுக்காரர் பரிசோதனை செய்துவிட்டாரா?

இப்படிக்கு,
மகளிர் நல மருத்துவர்கள் சிலர்,
மதுரை.